நானுஓயாவில் இப்போது மணி என்ன?

1884 ஒக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். லண்டனுக்கு அருகே உள்ள கிரீன்விச் வழியாகச் செல்லும் கோட்டையே உலகத்தின் முதல் நெடுங்கோடாகக் கொள்ள வேண்டும் என்று அங்கே முடிவானது. ஏழு மாதம் கழித்து, 1885 மே 20ஆம் திகதி, மலைநாட்டு ரயில்பாதை நானுஓயாவை எட்டியது. கண்டிக்கு 1867இலும் நாவலப்பிட்டிக்கு 1874இலும் வந்த பாதை, அட்டனையும் தலவாக்கலையையும் கடந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்துக்கு ஏறியிருந்தது. கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலம் அது. கீழே இறங்கிய பெட்டிகளில் தேயிலை போயிற்று. மேலே ஏறிய பெட்டிகளில் அரிசி வந்தது, ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு கொழும்பின் நேரமும் மலையேறி வந்தது.

நானுஓயாவில் இப்போது மணி என்ன என்று கேட்டால், நிலையத்து மணிக்கூட்டைப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். வானியலின் வரலாற்றைப் படித்தவரிடம் கேட்டால் ஒரு விடை வரும். நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டு ஆராய்பவர் வேறொரு விடை சொல்வார். கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது விடையைத் தருவார். மூன்றும் சரியானவையே. நேரம் என்று நாம் சொல்வதில் இயற்கையின் பங்கும் இருக்கிறது, மனிதர் எடுத்த தீர்மானமும் இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் மூன்று துறைகளின் உதவியும் தேவைப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வைத்த மணிக்கு எழுந்து வேலைக்குப் போன மக்கள் வாழும் ஊரில், இந்தப் பிரிப்பு மிக அவசியமானது.

வெயில் காட்டும் மணி

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நானுஓயா ஏறக்குறைய 80.74 பாகை கிழக்கில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 323 நிமிடம் வரும். ஆகவே அந்த ஊரின் சொந்த நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 23 நிமிடம் முன்னே நிற்கிறது. கொழும்பின் சொந்த நேரமோ 5 மணி 19 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். கொழும்பில் சூரியன் உச்சிக்கு வருவதற்கு மூன்றரை நிமிடம் முன்பே நானுஓயாவில் உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. மட்டக்களப்பில் அதற்கும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்பு.

மாட்டுவண்டிக் காலத்தில் இந்த நிமிடங்களை யாரும் எண்ணவில்லை. விடியுமுன் தோட்டங்களில் தப்பு அடிபடும். லயங்களில் அடுப்பு எரியும். பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். அன்றைய கூலி முழுப்பேரா அரைப்பேரா என்பதோடு அந்த நாள் முடியும். ரயில் வந்ததும் நிமிடத்துக்குப் பெறுமதி வந்துவிட்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வரும்போது, எது எந்த நிலையத்தில் ஒதுங்கி நிற்பது என்பதை நேர அட்டவணைதான் சொல்ல வேண்டும். நிலையத்துக்கு நிலையம் மணி மாறினால் அந்த அட்டவணையை நம்ப முடியாது. உலகெங்கும் ஊர் நேரத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததில் ரயிலுக்கே பெரிய பங்கு.

சூரியனும் மணிக்கூட்டைப் போலச் சீராக நடப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டமானது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகே வந்து வேகமாக ஓடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் விலகி மெதுவாக நகர்கிறது. அதன் அச்சும் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இவ்விரண்டு காரணங்களாலும் ஓர் உச்சிப்பொழுதுக்கும் அடுத்த உச்சிப்பொழுதுக்கும் இடையிலான நேரம் நாளுக்கு நாள் சில செக்கன்கள் கூடியும் குறைந்தும் வருகிறது. அந்தச் செக்கன்கள் வாரக்கணக்கில் சேர்ந்து நிமிடங்களாகின்றன. இன்றைய இலங்கை நேரப்படி, நானுஓயாவில் நவம்பர் தொடக்கத்தில் 11.51க்கே சூரியன் உச்சிக்கு வந்துவிடும். பெப்ரவரி நடுவிலோ 12.21 வரை பொறுக்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே ஆண்டுக்குள், அரை மணி வேறுபாடு! இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்து, ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நடப்பதாக வானியலாளர் கணக்கில் வைத்துக்கொண்ட சராசரிச் சூரியனைத்தான் மணிக்கூடு பின்பற்றுகிறது. அந்தச் சூரியன் வானத்தில் இல்லை.

பஞ்சாங்கத்தின் கணக்கு

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும்போது இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டு நேரங்களை அச்சிடுகின்றன. வாக்கிய பஞ்சாங்கப்படி ஒன்று, திருக்கணித பஞ்சாங்கப்படி ஒன்று. தோட்டக் கோயிலில் மருத்துநீர் வைக்கவும் கைவிசேடம் கொடுக்கவும் எந்த நேரத்தைப் பார்ப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழும். இதற்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வானியல் வரலாறு இருக்கிறது.

நிலா பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அதே நெருக்கத்துக்கு வர 27.55 நாளுக்குச் சற்று மேலாகிறது. ஒன்பது தடவை அப்படி வந்தால் 247.99 நாள். ஆகவே 248 நாளுக்கு நிலாவின் இருப்பிடத்தை ஒருமுறை கணித்து வைத்துவிட்டால், 249ஆம் நாளில் அதே பட்டியலை மறுபடி தொடங்கலாம். மிஞ்சும் சிறு பிழையைத் திருத்த 3,031 நாள் கொண்ட பெரிய சுற்று ஒன்று உண்டு. நிலா 110 தடவை நெருங்கி வருவதோடு அது மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்து, அந்த 248 எண்களையும் பொருள் தரும் சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். வரருசி என்பவர் இயற்றியவை என்று மரபு சொல்லும் இந்த வாக்கியங்களைப் பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராம மாதவர் மேலும் நுட்பமாக்கினார். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் இந்த வாக்கியங்களால் வந்தது.

ஜோன் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே, 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் அவர் கணக்குக்கும் நிகழ்ந்ததற்கும் 4 நிமிடம் வித்தியாசம். நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் விலகல் இருந்தது. வானியல் வரலாற்றாளர் ஒட்டோ நொய்கெபவர் 1952இல் தமிழர் வானியலைப் பற்றி எழுதிய ஆய்வில் இந்தக் கணிதரின் முறையை ஆராய்ந்தார். 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பிரசுகளிலும் காணப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய எண் வழக்கு ஒன்று, எத்தனையோ மொழிகளையும் கடல்களையும் தாண்டி, புதுச்சேரித் திண்ணையொன்றில் உயிரோடு இருந்தது என்பது மனித அறிவின் வரலாற்றில் மெய்சிலிர்க்க வைக்கும் செய்தி.

இலங்கையிலும் இந்தக் கணித முறைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. யாழ்ப்பாணத்து அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் 1829 மார்ச் 20ஆம் திகதிச் சந்திர கிரகணத்தைக் கணித்திருந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் இருந்த அமெரிக்க மிசனரி டானியல் புவர் ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு கணித்தபோது, தொடங்கும் நேரத்தில் கால் மணி வேறுபாடு தெரிந்தது. அன்றிரவு பலரும் கூடிப் பார்த்தார்கள். புவரின் கணக்கே பொருந்தியது. அவர் அதை மதப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் அதே மிசனைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1848இல் தமிழ்ச் சோதிட கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிவான குறிப்புகளோடும் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். தோற்றுப்போன கணக்கும் படிக்கத்தக்கது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்து வருவதே. ஒன்று பழைய மாறிலிகளை அப்படியே வைத்திருக்கிறது. மற்றது இன்றைய கண்காணிப்புகளுக்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறது. பழைய கணிதர்கள் வானத்தைப் பார்த்துத் தம் எண்களைத் திருத்தியவர்கள். வரருசியின் வாக்கியங்களை மாதவர் திருத்தியதே அதற்குச் சான்று. முன்னோரை மதிப்பது என்றால் அவர்கள் செய்ததையே நாமும் செய்ய வேண்டும்: அளந்து பார்க்க வேண்டும், பிழை கண்டால் திருத்த வேண்டும்.

சட்டம் வைத்த மணி

1858இல் இங்கிலாந்தின் டோர்செஸ்டர் நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. காலை 10 மணிக்கு விசாரணை. நீதிமன்ற மணிக்கூடு 10 காட்டியதும் நீதிபதி அமர்ந்தார். பிரதிவாதி தரப்பில் ஒருவரும் இல்லை. வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதப்பட்டது. சற்றைக்கெல்லாம் பிரதிவாதி தரப்பு வந்து சேர்ந்தது. நீதிமன்ற மணிக்கூடு கிரீன்விச் நேரத்தில் ஓடியது. ஊரின் நேரப்படி இன்னும் 10 ஆகவில்லை! மேல்நீதிமன்றம் ஊர் நேரமே செல்லும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கேர்ட்டிஸ் எதிர் மார்ச் என்ற பெயரில் இந்த வழக்கு இன்றும் நினைவுகூரப்படுகிறது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1880இல்தான் தனிச் சட்டம் இயற்றி, சட்டங்களில் குறிப்பிடும் நேரம் கிரீன்விச் நேரமே என்று வரையறுத்தது. அயர்லாந்துக்கு அதே சட்டம் டப்ளின் நேரத்தை விட்டுவைத்தது; அதுவும் 1916இல் போயிற்று.

மற்ற நாடுகளின் சட்டங்களை இதனருகே வைத்துப் பார்த்தால் நேரத்துக்குள் இருக்கும் அரசியல் தெளிவாகத் தெரிகிறது. பிரான்ஸ் 1891இல் பாரிஸ் நேரத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. 1911இல் உலக வழக்கோடு சேர வேண்டி வந்தபோது, அதன் சட்டம் கிரீன்விச் என்ற பெயரையே எழுதவில்லை. பாரிஸ் நேரத்தை 9 நிமிடம் 21 செக்கன் பின்தள்ளுவதாக எழுதியது. ஜேர்மனி 1893இல் ஒரே சட்டத்தால் பேரரசு முழுவதற்கும் ஒரே நேரத்தை வைத்தது. அமெரிக்காவில் ரயில் கம்பனிகள் 1883 நவம்பரில் தாமாகவே நேர வலயங்களை வகுத்துக்கொண்டன. அரசின் சட்டம் 1918இல்தான் வந்தது. இந்தியாவில் 1870 முதல் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. 1792இல் கட்டப்பட்ட சென்னை வானோக்கு நிலையம் அந்த நேரத்தைக் கொடுத்தது. 1906இல் இந்திய நேரம் என்ற ஒன்று வந்தபின்னும், கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தம் சொந்த நேரத்தை விடவில்லை.

இலங்கையில் வழங்கிய நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முன்னே இருந்தது. 1906இல் அது இந்தியாவைப் போல ஐந்தரை மணியானது. ஐந்தரை மணிக்குரிய கோடு 82.5 பாகைக் கிழக்கு. மிர்சாப்பூர் அருகே போகும் அந்தக் கோடு, வங்கக் கடலில் இறங்கி, இலங்கையின் எந்த நிலத்தையும் தொடாமல் கிழக்கே கடந்துவிடுகிறது. ஆகவே இந்த நாட்டில் எந்த ஊரிலும் சராசரிச் சூரியன் சட்டத்தின் மணிக்குப் பிந்தியே வருகிறது; நானுஓயாவில் 7 நிமிடம், கொழும்பில் பத்தரை நிமிடம்.

அதன் பிறகும் மணி நிலைத்து நிற்கவில்லை. உலகப் போரின்போது 1942 ஜனவரியில் அரை மணியும் செப்டெம்பரில் மேலும் அரை மணியும் முன்னே தள்ளினார்கள். 1945 ஒக்டோபரில் பழைய நிலைக்கு வந்தது. 1966 முதல் 1971 வரை வாரமே மாறியது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை போய், நிலாவின் கால்வட்டங்களான போயா நாட்கள் வார விடுமுறைகளாயின. நிலாவின் சுற்று 29.53 நாள், நான்கில் ஒரு பங்கு 7.38 நாள். அதனால் சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. வெளிநாட்டு வங்கிகளோடும் கப்பல்களோடும் இந்த வாரம் ஒத்துப்போகவில்லை. 1971இன் விடுமுறைகள் சட்டம் ஞாயிறை மீட்டுத் தந்தது. பௌர்ணமி நாள் மட்டும் விடுமுறையாக நின்றது.

1996இல் மழை பொய்த்தது. இந்த நாட்டின் நீர்மின்சாரம் பெரும்பாலும் மலையகத்து ஆறுகளிலிருந்து வருகிறது. தேக்கங்கள் வற்றி மின்வெட்டு நீண்டதும், மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மே 25இல் மணியை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை, ஒன்பதரை ஆண்டு நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றங்களை ஏற்கவில்லை. சோதனைச்சாவடியைத் தாண்டினால் மணியும் மாறியது. அந்த ஆண்டுகளில் ஜனவரி இறுதியில் நானுஓயாவில் சூரியன் உதித்தது மணிக்கூட்டின்படி 6.55க்கு. மலைமுகட்டைத் தாண்டி வெயில் லயத்து வாசலுக்கு வர மேலும் நேரமாகும். விடியலை நம்பி எழுந்து, குழந்தைகளைக் கிளப்பிவிட்டு, பெரட்டுக்குப் போகும் தாய்மாருக்கு அந்த அரை மணி இருட்டும் பனியும் சேர்ந்த அரை மணி.

அசாமில் இதற்கு நேரெதிரான நிலை. இந்தியாவின் கிழக்குக் கோடியில் சூரியன் மிகச் சீக்கிரமே உதித்துவிடுவதால், அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னே ஓடும் ‘பாகான் நேரம்’ என்ற ஒன்றை வைத்திருக்கின்றன. வடகிழக்குக்குத் தனி நேரம் கேட்டு வந்த பொதுநல மனுவை 2017இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளிச்சத்தை நம்பி உழைக்கும் தொழிலில், நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது சான்று. இந்த எல்லாச் சட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. ரயிலுக்காக, போருக்காக, வணிகத்துக்காக, மின்சாரத்துக்காக மணி மாற்றப்பட்டிருக்கிறது. வெயிலில் வேலை செய்பவர்களின் வசதி கருதி அது மாறியது மிக அரிது.

உயரத்தில் ஓடும் மணி

வானமும் சட்டமும் சொல்வதைக் கேட்டாயிற்று. பௌதிகவியல் சொல்வது இன்னும் வியப்பானது. ஈர்ப்பு கூடிய இடத்தில் மணிக்கூடு மெதுவாக ஓட வேண்டும் என்று 1907இல் ஐன்ஸ்டைன் முடிவுக்கு வந்தார். அப்போது அவர் பேர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1915இன் பொதுச் சார்புக் கொள்கை அதை முழுமையாக்கியது. மேலே போகப் போக நேரம் வேகமாக நடக்கிறது. மணிக்கூட்டின் இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. எல்லா அணுக்களும், எல்லா உயிர்களும், காலம் அங்கே நடக்கும் வேகத்திலேயே நடக்கின்றன.

எவ்வளவு என்று நாமே கணிக்கலாம். உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1,600ஐ 9.78ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 15,650. ஒளிவேகம் செக்கனுக்கு 30 கோடி மீற்றர். அதன் வர்க்கம் 9க்குப் பின்னால் 16 சுழியங்கள். வகுத்து வரும் மிகச்சிறிய எண்ணை ஒரு நாளின் 86,400 செக்கன்களால் பெருக்கினால், கொழும்புக் கடற்கரை மணிக்கூட்டை விட நானுஓயா மணிக்கூடு நாளொன்றுக்கு 15 நனோசெக்கன் முன்னே போவது தெரியும். ஒரு நனோசெக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஓராண்டில் ஐந்தரை மைக்ரோசெக்கன் சேரும். லயத்தில் பிறந்து எழுபது ஆண்டு மலையிலேயே வாழ்ந்தவர், கடற்கரையில் வாழ்ந்தவரை விடச் செக்கனில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு கூடுதலாக வாழ்ந்திருப்பார்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்னும் இருவர் 22.5 மீற்றர் உயரக் கோபுரத்தில் இதை அளந்து 1960இல் வெளியிட்டார்கள். 1971இல் ஹாஃபெலே, கீட்டிங் இருவரும் சீசியம் மணிக்கூடுகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து உறுதிசெய்தார்கள். 2020இல் ஜப்பானிய விஞ்ஞானி கட்டோரியின் குழு, டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீற்றர் மேலேயும் ஒளியியல் அணு மணிக்கூடுகளை வைத்து மிக நுட்பமாக அளந்தது. நானுஓயாவுக்கு நெருங்கிய உவமை அமெரிக்காவின் போல்டர் நகரம். அந்நாட்டின் தேசிய நேரத்தைக் காக்கும் ஆய்வகம் அங்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள அணு மணிக்கூடுகள் மலையில் இருப்பதால் வேகமாக ஓடுகின்றன. உலக நேரத்துக்கு அவற்றின் கணக்கைச் சேர்க்கும்போது அந்த மிகையைக் கழித்துவிடுகிறார்கள். நானுஓயாவில் ஓர் அணு மணிக்கூட்டை வைத்தால் அதே அளவு கழிக்க வேண்டி வரும்.

பௌதிகவியலும் சட்டமும் இங்கே சந்திக்கின்றன. ஒரு செக்கன் என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்று 1967இல் வரையறுத்தது, 1875இன் மீற்றர் உடன்படிக்கை என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ்க் கூடும் மாநாடு. உலக நேரத்தைக் கடல்மட்டத்துக்குரிய வேகத்தில் வைப்பது என்ற நடைமுறை 1977இல் தொடங்கியது. கடல்மட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்படி இயற்கை கட்டளையிடவில்லை. மனிதர் கூடிப் பேசி ஒத்துக்கொண்டார்கள்.

கைப்பேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கும் இதே கணக்குத் தேவை. 20,000 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்புக் குறைவதால் அவற்றின் மணிக்கூடு நாளொன்றுக்கு 45 மைக்ரோசெக்கன் முந்துகிறது. வேகத்தால் 7 மைக்ரோசெக்கன் பிந்துகிறது. மிஞ்சும் 38 மைக்ரோசெக்கனைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் இடத்தைக் காட்டுவதில் 10 கிலோமீற்றருக்கு மேல் பிழை சேரும். நானுஓயா நிலையத்தில் நிற்பவரை அது தலவாக்கலைப் பக்கம் நிற்பதாகக் காட்டிவிடும்.

வானமும் இந்தக் கணக்கிலிருந்து மெல்ல விலக்கப்படுகிறது. பூமியின் சுழற்சி சீராக இல்லாததால், 1972 முதல் இதுவரை 27 தடவை உலக நேரத்தில் ஒரு செக்கன் கூட்டப்பட்டது. கணினி வலையமைப்புகளுக்கு அது தொல்லையாக இருக்கிறது. 2022இல் கூடிய மாநாடு, 2035ஆம் ஆண்டுக்குள் இந்த முறையை மாற்றுவதென்று தீர்மானித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வானத்தைப் பார்த்து நேரம் வைத்த மனித இனம், அணுவைப் பார்த்து நேரம் வைக்கத் துணிந்துவிட்டது.

நம் கையில் இருப்பது

நானுஓயாவில் மணி என்ன என்பதற்கு விடை இதுதான். வானப்படி ஒன்று: ஊர்ச் சூரியனின் நேரம், அது நாளுக்கு நாள் மாறும். சட்டப்படி ஒன்று: கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே, அது அரசு நினைத்தால் மாறும். பௌதிகவியல்படி ஒன்று: கடற்கரையை விட நாளுக்கு 15 நனோசெக்கன் வேகமாக நடக்கும் காலம், அதை எந்த அரசாலும் மாற்ற முடியாது. இவற்றுள் நடுவில் உள்ளது மட்டுமே மனிதர் கையில் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றிப் பேசவும் கேட்கவும் மனிதருக்கு உரிமை இருக்கிறது. இனி ஒருமுறை இந்த நாட்டின் மணியை மாற்ற நினைப்பவர்கள், விடியலோடு வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளரையும் மீனவரையும், இருட்டில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளையும் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும்.

மலையகப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டெம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியனும் சராசரிச் சூரியனும் ஒன்றுபடுகின்றன. அவற்றில் மழையில்லாத ஒரு நாளில், சமதரையில் ஒரு கம்பைத் தூக்குநூல் பிடித்து நேராக நடுங்கள். காலை பதினொரு மணியளவில் நிழலின் நுனியைக் குறித்து, கம்பை மையமாக வைத்து அந்த நீளத்துக்குக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழலின் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். இரண்டு நேரங்களுக்கும் நடுவே வருவது உங்கள் ஊரின் உச்சிப்பொழுது. நானுஓயாவில் அது 12.07ஐ ஒட்டி வரும். அந்த 7 நிமிடத்தை நான்கால் வகுத்து, 82.5இலிருந்து கழித்தால் உங்கள் ஊரின் நெடுங்கோடு கிடைத்துவிடும். ஒரு கம்பும் கயிறும் மட்டுமே செலவு. பிள்ளைகளே அளந்து, பிள்ளைகளே கணக்கிட்டு, தங்கள் ஊர் உலகப்படத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். வேறு யாரோ வைத்த மணிக்கு நூற்றைம்பது ஆண்டு உழைத்தவர்களின் பிள்ளைகள், தங்கள் ஊரின் மணியைத் தாங்களே அளந்து சொல்லக் கற்க வேண்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.